நீலத்திரைக்குப் பின்னால்: ரேம் பழுதையும் டிரைவர் பழுதையும் பிரித்தறிவது எப்படி?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்குச் சிறிய கோப்பு ஒன்றை இணையம் வழியாக அனுப்பியது. 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைப் பெற்று நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் நீல நிறப் பிழைச் செய்தி) காட்டி நின்றுபோன கணினிகள், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 லட்சம். மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. விமானங்கள் ரத்தாயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகள் சிலர் கையால் எழுதிய போர்டிங் பாஸுடன் ஏறிச் சென்றார்கள்.

பின்னர் வெளியான ஆய்வறிக்கை காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. டிரைவர் என்பது கணினியின் உள்மையத்தில் இயங்கி, சாதனங்களை இயக்கவோ பாதுகாப்பைக் கவனிக்கவோ செய்யும் நிரல். அந்நிறுவனத்தின் டிரைவரிடம் 20 மதிப்புகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. புதிய கோப்போ 21-ஆவது மதிப்பையும் பார்க்கச் சொன்னது. இல்லாத 21-ஆவது இடத்தை டிரைவர் படிக்கப் போனது. பட்டியலின் எல்லைக்கு வெளியே கிடந்த ஏதோ ஓர் எண்ணை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டது. அப்படியொரு முகவரியே செல்லுபடியாகாததால் விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

இந்த நிகழ்வில் கணினிப் பழுது பார்ப்போர் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட கணினிகள் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். சில புதியவை, சில பழையவை. ஆனாலும் அவை எல்லாம் ஒரே டிரைவரின் ஒரே வரியில், ஒரே விதமாக விழுந்தன. மீண்டும் இயக்கினால் மீண்டும் அங்கேயே விழுந்தன. டிரைவர் பழுதின் இயல்பு இதுதான்: நிரல் தவறாக எழுதப்பட்டிருந்தால் அதே சூழல் திரும்பும்போதெல்லாம் அதே தவறு நிகழும். நினைவகப் பழுது, அதாவது ரேம் பழுது, இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். இன்று உலாவி மூடிக்கொள்ளும். நாளை நீலத்திரை வரும். மறுநாள் பெரிய ஜிப் கோப்பு விரிய மறுக்கும். ஒவ்வொரு முறையும் திரையில் வேறொரு பெயர் இருக்கும். ஒரு நீலத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஐந்தாறு நீலத்திரைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிட முடியும். வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ கணினி திடீர் திடீரென நின்றுபோகிறவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன்பும், குறிப்பாக விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவதற்கு முன்பும், இந்த அடுக்கிப் பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

விண்டோஸ் ஏன் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது

நாம் திறக்கும் உலாவி, எழுத்துச் செயலி, கணக்குப்பதிவு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பரப்புக்குள்தான் இயங்குகிறது. அவற்றுள் ஒன்று தவறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டு மற்றவற்றைத் தொடரவிடும். கெர்னல் எனப்படும் உள்மையத்தில் இத்தகைய தடுப்புச் சுவர்கள் இல்லை. கிராபிக்ஸ் கார்டு, வைஃபை, எஸ்எஸ்டி, ஒலி, ஆன்டிவைரஸ் ஆகியவற்றுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை ஒரே பொதுப் பரப்பில், ஏறக்குறைய ஒரே அதிகாரத்துடன் இயங்குகின்றன. ஒரு டிரைவர் தன் எல்லையைத் தாண்டி எழுதினால், அது எதன் மீது எழுதியது என்பதை உடனடியாகச் சொல்ல வழியில்லை. கோப்பு முறைமையின் உள்கணக்குகளாகவே அது இருக்கலாம். அந்நிலையில் தொடர்ந்து இயங்கினால் கெட்டுப்போன தகவல் வட்டிலும் பதிந்துவிடக்கூடும் என்பதால், ஐயம் எழுந்த கணமே விண்டோஸ் நின்றுவிடுகிறது. நீலத்திரை பயனரின் கோப்புகளைக் காப்பதற்காக எடுக்கப்படும் நடவடிக்கை. 2025-இல் விண்டோஸ் 11 அதன் நிறத்தைக் கறுப்பாக மாற்றியது. சோகமான முகக்குறியும் போய்விட்டது. முடக்கத்தின் வகையைச் சொல்லும் நிறுத்தக் குறியீடும், தெரிந்தால் டிரைவரின் பெயரும் இப்போதும் திரையில் வருகின்றன.

டிரைவர்கள் மீது முதல் சந்தேகம் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆய்வுகள் நீலத்திரைகளில் மிகப் பெரும்பங்கு வெளி நிறுவனங்களின் டிரைவர்களால் வருபவை என்று காட்டின. 2007-இல் விஸ்டா வெளியானபோது நிலைமை இன்னும் வெளிப்படையாயிற்று. பின்னாளில் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, அவ்வாண்டு பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை. புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற டிரைவர்களை அவசரமாக எழுதியதன் விளைவு அது. 64 பிட் விஸ்டாவிலிருந்து கெர்னல் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாயிற்று. டிரைவர்களின் தரமும் காலப்போக்கில் வெகுவாக உயர்ந்தது. ஆனால் கையொப்பம் சொல்வது டிரைவர் யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டுமே. அது பிழையற்றது என்பதற்கான உறுதிமொழி அதில் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவரும் முறையான கையொப்பம் பெற்றதுதான்.

தவறு நிரலில் இருந்தால் கணினி எப்போதும் விழ வேண்டும், சில வேளைகளில் மட்டும் விழுவது ஏன் என்ற கேள்வி இங்கே எழும். பலரும் திரையில் கண்டிருக்கக்கூடிய ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்’ என்ற குறியீடு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. விண்டோஸ் நெடுநேரம் பயன்படாத நினைவகப் பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவரும். ஆனால் ஒரு சாதனத்தின் அவசர அழைப்புக்கு உயர் முன்னுரிமையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில் இப்படிப் பக்கத்தைக் கொண்டுவர முடியாது. அந்த வேளையில் டிரைவர்கள் வட்டுக்கு அனுப்பப்படக்கூடிய பக்கங்களைத் தொடவே கூடாது என்பது விதி. கவனக்குறைவாக எழுதப்பட்ட டிரைவர் தொட்டுவிடுகிறது. அந்தப் பக்கம் தற்செயலாக ரேமிலேயே இருந்தால் ஒன்றும் நேராது. பல மாதங்கள் கூட நேராமல் போகலாம். ஒருநாள் உலாவியில் நாற்பது தாவல்கள் திறந்திருக்க, நினைவகம் நிரம்பி, அந்தப் பக்கம் வட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் டிரைவர் அதைத் தொட்டால் கணினி விழும். பயனருக்கு இது காரணமில்லாமல் வந்ததாகத் தோன்றும். உண்மையில் பிழை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது.

ஒரே ஒரு பிட் மாறினால்

ரேமின் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு இலக்கமும், நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்துகொண்டிருக்கும் என்பதால், டிடிஆர்4 ரேமில் வழக்கமாக ஒவ்வொரு 64 மில்லிவினாடிக்குள்ளும் எல்லா வரிசைகளையும் படித்து மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. சூடு ஏறினால் கசிவும் ஏறும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரு மடங்கு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும். கோடிக்கணக்கான மின்தேக்கிகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று வேகமாகக் கசிந்தால் போதும், 1 என்று எழுதியது 0 என்று திரும்பி வரும்.

அதன் விளைவைத் தமிழ் எழுத்திலேயே காட்டலாம். ஒருங்குறியில் ‘ஆ’ என்ற எழுத்தின் எண் 2950, ‘இ’ என்பதன் எண் 2951. இரண்டுக்கும் கடைசி பிட்டில் மட்டுமே வேறுபாடு. நினைவகத்தில் ‘ஆடு’ என்று இருந்த சொல், அந்த ஒரு பிட் புரண்டால், ‘இடு’ என்று ஆகிவிடும். எழுத்தில் இது நேர்ந்தால் பிழைதிருத்தத்தோடு முடிந்துவிடும். புகைப்படத்தில் நேர்ந்தால் ஒரு பட்டை நிறம் மாறிப்போகும். காலியாகக் கிடந்த இடத்தில் நேர்ந்தால் யாருக்கும் தெரியாது. கெர்னல் பயன்படுத்தும் முகவரியொன்றில் நேர்ந்தால் கணினி விழும். பழுதான பிட் ரேம் சில்லில் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் விண்டோஸ் ஒவ்வொரு முறையும் வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பதால்தான் அறிகுறிகள் ஓயாமல் மாறுகின்றன.

இத்தகைய பிழைகள் அரிதானவை, விண்வெளிக் கதிர்களால் எப்போதாவது வருபவை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970-களின் இறுதியில் இன்டெல் ஆய்வாளர்கள் சில்லின் உறைப்பொருளில் கலந்திருந்த கதிரியக்கத் துகள்களே பிட்களைப் புரட்டுகின்றன என்று கண்டறிந்ததும் அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. 2009-இல் டொரான்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பார்வையை மாற்றியது. கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கண்காணித்ததில், ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களிலும், 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் குச்சிகளிலும் திருத்தக்கூடிய பிழைகள் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கதிர்களால் வந்து போகும் பிழைகளாகத் தெரியவில்லை. வன்பொருளின் நிலையான பழுதுகளாகவே தெரிந்தன. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளை ஆராய்ந்து மேலும் ஒன்றைச் சொன்னார்கள்: வன்பொருள் பழுதால் ஒருமுறை விழுந்த கணினி மறுமுறை விழுவதற்கான வாய்ப்பு, முதல் முறை விழுவதற்கான வாய்ப்பைவிட நூறு மடங்கு வரை கூடுதல். ஆகவே, ‘ஏதோ ஒருமுறை வந்தது, இனி வராது’ என்ற ஆறுதலுக்கு நினைவகப் பழுதில் இடமில்லை.

சர்வர்களில் இருக்கும் பிழைதிருத்தும் ரேம், 64 பிட் தகவலுக்கு 8 பிட் கூடுதலாகச் சேமித்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். நம் வீட்டுக் கணினிகளிலும் பெரும்பாலான மடிக்கணினிகளிலும் அது இல்லை. டிடிஆர்5 ரேமில் சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் உண்டு என்று விளம்பரங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது சில்லுக்குள் நேரும் பிழைகளோடு நின்றுவிடுகிறது. சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது அறியாது. எதையும் திருத்தியதாக விண்டோஸிடம் சொல்வதும் இல்லை. வீட்டுப் பயனர்களுக்கு இந்தப் பாதுகாப்பை முழுமையாகத் தராமல் இத்தனை ஆண்டுகள் ஓட்டிவந்தது கணினித் தொழிலின் பெருங்குறை என்றே நினைக்கிறேன்.

டம்ப் கோப்புகளைப் படித்தல்

ஒவ்வொரு நீலத்திரையின்போதும் விண்டோஸ் தன் அப்போதைய நிலையைச் சுருக்கமாக ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. இதுவே டம்ப் கோப்பு. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற பெயரில் இருக்கும் உள்கோப்புறையில் அவை நாள்வாரியாகச் சேர்ந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் வின்டிபக் என்ற கருவியில் அவற்றைத் திறந்து, ‘அனலைஸ்’ கட்டளையைச் சொடுக்கினால், நிறுத்தக் குறியீடும், அதனுடன் வரும் விவர எண்களான அளவுருக்களும், பழி விழுந்த கோப்பின் பெயரும் வரும். நிர்சாஃப்ட்டின் புளூஸ்கிரீன்வியூ இதைவிட எளிமையானது. எல்லா டம்ப்களையும் ஒரே பட்டியலில் காட்டுவதால் நம் நோக்கத்துக்கு முதலில் அதுவே போதும்.

பட்டியலில் விண்டோஸின் கெர்னல் கோப்பான ‘என்டிஓஎஸ்கேஆர்என்எல்’ மீது பழி விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவோர் மிகப் பலர். விழுந்தவர் வேறு, தள்ளியவர் வேறு. ஒரு டிரைவர் கெடுத்துவைத்த முகவரியையோ, ரேம் மாற்றிவிட்ட எண்ணையோ கெர்னல் நம்பி எடுக்கும்போது, விழுவது கெர்னலாகவே இருக்கும். ஆகவே தனியொரு பெயரைவிடப் பட்டியலின் வடிவமே அதிகம் சொல்லும்.

இரண்டு பட்டியல்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் மடிக்கணினியில் இரண்டு வாரங்களில் ஐந்து டம்ப்கள். குறியீடு மூன்றில் ‘டி1’, இரண்டில் ‘133’. ஐந்திலும் பெயர் வைஃபை டிரைவருடையது. நேரங்களைப் பார்த்தால் எல்லாமே உறக்க நிலையிலிருந்து எழுப்பிய ஓரிரு நிமிடங்களுக்குள். இங்கே ரேமைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வேறு பதிப்பு வைஃபை டிரைவரை நிறுவிவிட்டுப் பார்த்தால் போதும்.

இரண்டாவது மேசைக் கணினியிலும் ஐந்து டம்ப்கள்தாம். ஆனால் குறியீடுகள் முறையே 1ஏ, 50, 3பி, 139, மீண்டும் 1ஏ. பழி ஒருமுறை கெர்னல் மீது, ஒருமுறை கோப்பு முறைமை மீது, ஒருமுறை கிராபிக்ஸ் பகுதி மீது. இடையிடையே குரோம் தாவல்கள் தாமாகவே செயலிழந்திருக்கின்றன. இப்போது 1ஏ, அதாவது ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற குறியீடுள்ள டம்ப்பைத் திறந்து அளவுருக்களைப் பார்க்க வேண்டும். முதல் அளவுரு 41792 என்றிருந்தால், நினைவகப் பக்க அட்டவணையின் ஒரு பதிவு கெட்டிருக்கிறது என்று பொருள். வெறுமையாக இருக்க வேண்டிய அந்தப் பதிவில் என்ன இருந்தது என்பதை மூன்றாவது அளவுரு பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்ணாகக் காட்டும். அது 2000000 போல, 1, 2, 4, 8 ஆகிய இலக்கங்களில் ஒன்றும் மற்றவை எல்லாம் பூச்சியமுமாக இருந்தால், அந்த இடத்தில் சரியாக ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருக்கிறது. நிரல் பிழைகள் இத்தனை நுட்பமாகக் கெடுப்பது அபூர்வம். அவை பைட் பைட்டாகவே வாரி எழுதும். ஒற்றைப் பிட் மாற்றம் ஏறக்குறைய வன்பொருளின் கையெழுத்து. சில டம்ப்களில் வின்டிபக், நினைவகத்திலிருந்த விண்டோஸ் நிரலை மூல நிரலோடு ஒப்பிட்டு, ஒரு பிட் நினைவகச் சிதைவு என்று தானே எழுதிவிடும்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்றும் உண்டு. தன் எல்லையைத் தாண்டி எழுதும் டிரைவர், பக்கத்திலிருக்கும் யாருடைய இடத்தையும் கெடுக்கலாம் என்பதால், அதுவும் பல பெயர்களில் பலவிதமான நீலத்திரைகளை உண்டாக்கும். ஆகவே கலவையான பட்டியல் ரேமை நோக்கி வலுவாகக் கைகாட்டினாலும், தீர்ப்பைச் சோதனைதான் தர வேண்டும்.

டம்ப் கோப்பே உருவாகவில்லை என்றால் அதுவும் ஒரு தடயம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு மட்டும் இருந்தால், கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அப்போது மின்வழங்கி, அதிகச் சூடு, வட்டு ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

சோதனையின் வரிசை

ரேமைச் சந்தேகிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியதற்குத் திருப்புளி தேவையில்லை. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று, ரேமை அதன் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை அணைத்தால் போதும். 6000 (வினாடிக்கு இத்தனை மெகா பரிமாற்றங்கள்) என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் டிடிஆர்5 ரேம், இந்த அமைப்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் 4800 என்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். அச்சிட்ட வேகம் ரேம் நிறுவனம் சோதித்துச் சொல்வது. பிராசஸரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி அதைத் தாங்கும் என்று பிராசஸர் நிறுவனம் உறுதி தருவதில்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு குச்சிகளில் அதிகாரபூர்வமான உச்ச வேகம் 5200. நான்கு குச்சிகள் பொருத்தினால் அது 3600 ஆக இறங்கிவிடுகிறது. இருந்த இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்த பிறகு நீலத்திரை தொடங்கியது என்றால், நான்கும் தனித்தனியே நல்லவையாக இருந்தும் சேர்ந்து ஓட முடியாமல் போயிருக்கலாம். அடிப்படை வேகத்தில் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து முடக்கங்கள் நின்றுவிட்டால், பாதி விடை கிடைத்துவிட்டது. பயாஸில் கை வைப்பதற்கு முன் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு மாறியதும் சில கணினிகள் அதைக் கேட்கும்.

அடுத்தது நினைவகச் சோதனை. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் எளிதானது, ஆனால் மேலோட்டமானது. வெளிப்படையான பழுதைத்தான் பிடிக்கும். மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ் ஆகிய இரண்டும் பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்குவதால், விண்டோஸ் பிடித்துவைத்திருக்கும் பகுதிகளையும் சேர்த்து ஏறக்குறைய முழு நினைவகத்தையும் சோதிக்கின்றன. பல்வேறு வடிவங்களை எழுதி, படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சுற்றுக்கே ரேமின் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில் ஆகலாம். குறைந்தது நான்கு சுற்றுகள் ஓட விட வேண்டும். இரவு தூங்கப் போகும்போது தொடங்கிவிடுவது வசதி. முடிவைப் படிப்பதில் சலுகைக்கு இடமில்லை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். பிழையே வராவிட்டால் ரேம் நல்லது என்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. முழு உறுதி வந்துவிடுவதில்லை. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சூடேறி ஓடும் விளையாட்டின் நடுவில் மட்டும் தலைகாட்டும் பழுதை, வேறு எதுவும் ஓடாத நேரத்தில் நடக்கும் சோதனை தவறவிடக்கூடும்.

பிழை வந்துவிட்டால், கணினியை அணைத்து, மின் இணைப்பை நீக்கி, குச்சிகளைக் கழற்றி ஒன்றை மட்டும் பொருத்தி மீண்டும் சோதிக்க வேண்டும். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றொன்று. பிழை குச்சியோடு இடம்பெயர்ந்தால் குச்சி பழுது. எந்தக் குச்சியைப் போட்டாலும் குறிப்பிட்ட ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டையோ பிராசஸரையோ சந்தேகிக்க வேண்டும். கழற்றி மாட்டியதுமே பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் ரேமைக் கழற்றியதும் பென்சில் ரப்பரால் அதன் முனைகளைத் தேய்ப்பது வழக்கம். தூசியும் ஈரக்காற்றும் படிந்து தொடர்பு சரியில்லாமல் போயிருந்தால் அதில் பலன் கிடைக்கிறது. அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்க முலாம் போய்விடும் என்பதையும், ரப்பர் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது என்பதையும் நினைவில் வைத்து மென்மையாகச் செய்ய வேண்டும். ஆனால் சில்லுக்குள் இருக்கும் பழுதுக்கு ரப்பர் மருந்தாகாது. பல ரேம் நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. புதிது வாங்குவதற்கு முன் பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். இணையாக வாங்கிய குச்சிகளை இணையாகவே திருப்பி அனுப்ப வேண்டும்.

ரேம் சோதனையில் தேறிவிட்டு, டம்ப்களும் எந்த டிரைவரையும் தெளிவாகக் காட்டாதபோது, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உடன் வரும் டிரைவர் வெரிஃபையரை எடுக்கலாம். இது டிரைவர்களை வேண்டுமென்றே கடினமான சூழலுக்கு உட்படுத்தும் கருவி. டிரைவர் கேட்கும் நினைவகத்தை ஒரு பக்கத்தின் விளிம்பில் ஒட்டினாற்போலக் கொடுத்து, அடுத்த பக்கத்தைப் பூட்டி வைக்கும். ஒரு பைட் கூடுதலாக எழுதினாலும் அந்தக் கணமே பிடிபடும். முன்பு சொன்ன முன்னுரிமை விதி மீறலுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: டிரைவர் உயர் முன்னுரிமைக்குப் போகும்போதெல்லாம், வட்டுக்கு அனுப்பக்கூடிய பக்கங்களை எட்டாதபடி செய்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை வந்த நீலத்திரை இதனால் சில மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. அதுவும் குற்றவாளியின் பெயரோடு வருகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. கணினி தொடங்கும்போதே ஏற்றப்படும் டிரைவரில் பிழை இருந்தால், விண்டோஸ் திறக்குமுன்பே மீண்டும் மீண்டும் விழும். ஆகவே மீட்புப் புள்ளியை உருவாக்கிவிட்டு, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குள் நுழையும் வழியைத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரிரு நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு, விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெரிஃபையரை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் விட்டால் கணினி மந்தமாகவே இருக்கும்.

டிரைவரின் பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. அண்மையில் புதுப்பித்த பின் தொல்லை தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். பழைய டிரைவராக இருந்தால் சாதனத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை எடுக்கலாம். டிரைவர்களை ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் பொதுவான மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை சில வேளைகளில் பொருந்தாத பதிப்பை நிறுவிப் புதிய பழுதை உண்டாக்குகின்றன. மதர்போர்டு விளக்குகளின் நிறத்தை மாற்றும் செயலி, எப்போதோ நிறுவி மறந்த விபிஎன், நீக்கிய பிறகும் எச்சம் விட்டுச் சென்ற பழைய ஆன்டிவைரஸ் ஆகியவையும் கெர்னலுக்குள் டிரைவரை வைத்திருப்பவைதாம். தேவையற்றவற்றை நீக்குவது புதுப்பிப்பதைவிட நல்லது.

ரேமும் டிரைவரும் போல வேடமிடும் மூன்றாவது காரணம் பிராசஸர். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர்கள் சிலவற்றைப் பயன்படுத்தியோர், விளையாட்டுகளைத் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தியோடு முடங்குவதாகப் புகார் செய்தார்கள். பலர் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினார்கள், ரேமை மாற்றினார்கள். தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் பிராசஸரையே நாளடைவில் சிதைத்ததுதான் காரணம் என்று 2024-இல் இன்டெல் உறுதிசெய்து, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்போர் எந்தச் சோதனைக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஃபார்மட் ஏன் முதல் மருந்தாகக் கூடாது

கணினி அடிக்கடி நிற்கிறது என்றதும் ‘ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்’ என்று சொல்வது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். டிரைவர் பழுதாக இருந்தால் சில நாட்களுக்கு நிம்மதி கிடைக்கும். அதே டிரைவரை மீண்டும் நிறுவியதும் தொல்லை திரும்பும். ரேம் பழுதாக இருந்தால் நிலைமை மோசமாகிறது. நிறுவும்போது ஜிபிக்கணக்கான கோப்புகள் விரிக்கப்பட்டு அந்தப் பழுதான ரேம் வழியாகவே வட்டுக்குப் போகின்றன. பிறந்த நாளிலேயே சிதைந்த விண்டோஸ் கிடைக்கக்கூடும். மினிடம்ப் கோப்புறையும் அழிந்துவிடுவதால், அதுவரை சேர்ந்த தடயங்கள் அனைத்தும் போய்விடுகின்றன. கடையில் கொடுக்கும்போது, எதையும் அழிப்பதற்கு முன் டம்ப் கோப்புகளை நகலெடுத்துத் தரும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. மைக்ரோசாஃப்ட்டும் இந்தத் திசையில் நகரத் தொடங்கியிருக்கிறது: 2025 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்புகளில், நீலத்திரைக்குப் பின் உள்நுழையும் பயனரிடம், அடுத்த தொடக்கத்தின்போது நினைவகத்தைச் சோதிக்கலாமா என்று கேட்கும் வசதி சேர்க்கப்பட்டது.

பழுதான ரேமை மாற்றிய பிறகும் வேலை முற்றிலும் முடிந்துவிடவில்லை. அது ஓடிய நாட்களில் வட்டில் எழுதப்பட்டவை சந்தேகத்துக்குரியவை. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஓட்டினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சரிபார்க்கப்பட்டு மீட்கப்படும். உங்கள் கோப்புகளை அப்படி மீட்டுத் தர விண்டோஸிடம் மூலப் பிரதி கிடையாது. அந்தக் காலத்தில் நகலெடுத்த புகைப்படங்கள், சுருக்கிவைத்த கோப்புகள், டாலி போன்ற கணக்குத் தரவுகள் ஆகியவற்றைத் திறந்து பார்த்து, முன்பு எடுத்த பேக்கப்போடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தொல்லை தொடங்குவதற்கு முந்தைய பேக்கப்பை, இந்த ஒப்பீடு முடியும் வரையில், புதிய பேக்கப்பால் மேலெழுதிவிடாமல் தனியே எடுத்து வையுங்கள்.